எல்லாருக்கும் கேஸ் ட்ரபிள்

போன மாதம் பவித்ரா போன் செய்தாள். ஒரகடத்தில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தொழிற்சாலையின் முதலுதவி அறையில் இப்போது அவள்தான் நர்ஸ். பழைய பதிவேடுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லியிருக்கிறார்களாம். அவளுக்கு ஒரு சந்தேகம்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. உங்க காலத்துல கேன்டீன் சாப்பாடு அவ்ளோ மோசமா?"

"ஏம்மா?"

"பக்கத்துக்குப் பக்கம் கேஸ் ட்ரபிள், கேஸ் ட்ரபிள்னே இருக்கு. எல்லாம் உங்க கையெழுத்து. வெல்டிங்ல கேஸ், பெயின்ட் ஷாப்ல கேஸ், பிரஸ் ஷாப்பைப் பத்திச் சொல்லவே வேணாம்."

நானும் சிரித்தேன். "சாம்பார்ல பருப்பே இருக்காதும்மா, கேஸ் எங்கேருந்து வரும்" என்றுகூடச் சொன்னேன். போனை வைத்த பிறகு உட்கார முடியவில்லை. மாடிக்குப் போனேன், இறங்கினேன். தண்ணீர் மோட்டாரைப் போட்டேன். தொட்டி நிறைந்துதான் இருந்தது, நிறுத்தினேன். "ஒரு எடத்துல இருங்களேன், பாக்கற எனக்கே தலை சுத்துது" என்றாள் என் மனைவி. அன்றிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன். பவித்ராவுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை எழுதிப் பார்த்தாலாவது அடங்குமா என்று உட்கார்ந்திருக்கிறேன். நடுநடுவே எழுந்து போய்விட்டு வருவேன், வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் செங்கல்பட்டில் நர்சிங் படித்த கதையும், தனியார் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்று நின்று கால் நரம்பு புடைத்த கதையும் இங்கே வேண்டாம். ஆண் நர்சை எல்லா ஆஸ்பத்திரியிலும் 'பிரதர்' என்பார்கள். ஒரகடத்தில் தொழிற்சாலைகள் வந்தபோது நானும் வந்தேன், பேரும் கூடவே வந்தது. எங்கள் அறை வாசலில் ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பலகை உண்டு. அதை யாரும் படித்ததில்லை. எல்லாருக்கும் அது 'பிரதர் ரூம்'.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்தால் செய்ய வேண்டியதை இன்றைக்கும் தூக்கத்தில் சொல்வேன். முதலில் படுக்க வைத்து, சட்டைப் பொத்தானையும் ஷூ நாடாவையும் தளர்த்த வேண்டும். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சர்க்கரை. அப்புறம் ஈசிஜி. இதயம் என்று சந்தேகம் வந்தால் யோசிக்கவே கூடாது, ஆம்புலன்ஸ். இப்படி நான் ஏற்றி அனுப்பி, பிழைத்து வந்து கை பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் பெரும்பாலும் ஈசிஜி சரியாகத்தான் வரும். இருபத்தெட்டு வயசு, முப்பது வயசு ஆட்கள். உள்ளங்கை நனைந்திருக்கும், உதடு மரத்துப் போச்சு என்பார்கள், செத்துருவேனா பிரதர் என்பார்கள். அரை மணி நேரத்தில் சரியாகி, வெட்கப்பட்டுக்கொண்டு எழுந்து உட்காருவார்கள். அது என்னவென்று எனக்குத் தெரியும். பயம். மனசு அடிக்கிற அபாயமணியை உடம்பு நிஜமென்று எடுத்துக்கொள்கிற பயம்.

வந்த முதல் வருடம் அதை அப்படியே எழுதினேன். சரக்குத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுகிற ஒரு கான்ட்ராக்ட் ஆள். 'தொந்தரவு' என்ற கட்டத்தில் 'பதற்றம், படபடப்பு' என்று முத்து முத்தாக எழுதி வைத்தேன். மூன்றாம் நாள் அவருடைய பாஸ் கார்டு கேட்டில் வேலை செய்யவில்லை. வண்டி ஓட்டுகிறவன் மனநிலை சரியில்லாதவன் என்று மேலே யாரோ படித்துவிட்டார்கள். அவர் கேட்டுக்கு வெளியே நின்று பாஸைத் திருப்பித் திருப்பித் தேய்த்ததை நான் பார்த்தேன்.

வாரத்தில் இரண்டு நாள் வருகிற எங்கள் கம்பெனி டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாற்காலியில் உட்கார மாட்டார், நின்றுகொண்டேதான் பார்ப்பார். ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிய பிறகுதான் நெஞ்சில் வைப்பார். தொழிலாளிகளை 'சார்' என்பார், மேனேஜர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அன்று பதிவேட்டைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஈசிஜி நார்மலா இருந்துதா?"

"நார்மல் சார்."

"அப்ப கேஸ்."

"கேஸ் இல்ல சார், அது..."

"எனக்குத் தெரியாதா பிரதர்? நம்ம எழுதறதை நம்ம மட்டும் படிக்கல. கேஸ்னு எழுதினா யாருக்கும் வேலை போகாது."

அன்றிலிருந்து எல்லாருக்கும் கேஸ். ரோஸ் நிற மாத்திரை ஒன்று, மென்று தின்னச் சொல்வேன். கொஞ்சம் வெந்நீர், முதுகில் ஒரு தட்டு. நம் பேச்சிலும் பயம் வயிற்றில்தானே இருக்கிறது. வயிற்றைக் கலக்குது, வயிற்றில் புளியைக் கரைக்குது என்கிறோம். அதனால் கேஸ் என்றதும் எல்லாரும் நம்பினார்கள். நான் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லப்போனால் பெருமையாகவே இருந்தது.

ஏழுமலை பிரஸ் ஷாப்பில் கிரேன் ஆபரேட்டர். பக்கத்துக் கிராமம். நிலம் போன பிறகு தொழிற்சாலைக்கு வந்த குடும்பம். கார்க் கதவு, பானெட் இதையெல்லாம் தகட்டிலிருந்து அடித்து எடுக்கிற இரும்பு அச்சை 'டை' என்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு லாரி கனம் இருக்கும். அதைத் தூக்கி இறக்குவதுதான் அவர் வேலை. ரிமோட்டை வயிற்றில் கட்டிக்கொண்டு தரையில் நடந்தபடியே தலைக்கு மேலே கிரேனை ஓட்டுவார். அவர் இறக்கினால் சத்தமே வராது. பூனை குட்டியை வைக்கிற மாதிரி வைப்பார் என்று ஷாப்பே சொல்லும்.

ஒரு நாள் அவரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஈசிஜி சரியாக வந்தது. சர்க்கரையும் சரி, ரத்த அழுத்தமும் சரி.

"இன்னா பிரதர்? ஹார்ட்டா?"

"ஹார்ட் குதிரை மாதிரி கீது. கேஸ்தான். இதை மென்னு தின்னு."

அப்படி ஆரம்பித்தது. மாதம் ஒரு தரம் வந்தவர் வாரம் ஒரு தரம் வந்தார். டை மாற்றுகிற நாட்களில்தான் வருகிறார் என்பதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, கேஸ் என்றே எழுதினேன். கிரேன் ஆபரேட்டருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை தகுதிச் சான்று வேண்டும். அதில் மனநோய் இல்லை என்று ஒரு வரி உண்டு. அந்த வரியில் நான் அவரை மாட்டிவிட விரும்பவில்லை.

எனக்கு உறைக்காத ஒன்று உண்டு. நான் சொல்வதை அவர் நம்பினார். கேஸ் என்றால் சாப்பாட்டில்தானே கோளாறு? முதலில் சுண்டலை விட்டார். பிறகு கிழங்கு, பருப்பு, முட்டை என்று ஒவ்வொன்றாக விட்டார். அப்புறம் இரவுச் சாப்பாட்டையே விட்டார். காஞ்சிபுரத்தில் ஸ்கேன் எடுத்தார், தாம்பரத்தில் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் கூடியது. கண்டுபிடிக்கவே முடியாத கேஸ் என்றார் என்னிடம். நான் மாத்திரையை நீட்டினேன்.

ஒரு நாள் அவர் மனைவி செல்வி கேட்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். செக்யூரிட்டி அறையில் நாலு பேர் இருந்தார்கள்.

"பிரதர், ஆளு பாதியாயிட்டாரு. இன்னா ஆக்கிப் போடறதுன்னே தெரியல. ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க சொன்னாதான் கேக்கறாரு. இன்னா சாப்பிடலாம், இன்னா கூடாதுன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க."

இதை எழுதும்போது எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். எழுதிக் கொடுத்தேன் என்பதுதான் விஷயம். நாலு பேர் முன்னால் வேறு என்ன சொல்வது என்று அப்போது தோன்றியது. இட்லி, ரசம் சாதம், மோர் சாப்பிடலாம். பருப்பு, கிழங்கு, சுண்டல், முட்டை, கோஸ் கூடாது. "சீலு போட்டுக் குடுங்க பிரதர், அப்பதான் நம்புவாரு" என்றார். திரும்பி அறைக்குப் போய் சீலும் குத்திக்கொண்டு வந்து கொடுத்தேன். அந்தம்மா கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, காலை ஷிஃப்டில், டீ இடைவேளை முடிந்த நேரம். பிரஸ் ஷாப்பிலிருந்து போன் வந்தது. ஓடினேன். டை ஒன்று ஆள் உயரத்துக்கு மேலே அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ஏழுமலை கிரேனை அவசரமாக நிறுத்துகிற சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். ரிமோட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார், கழற்ற விடவில்லை. சூப்பர்வைசர் தூரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சை எண்ணச் சொல்லி, விரல் விரலாகப் பிரித்து ரிமோட்டை வாங்கினேன். இன்னொரு ஆபரேட்டர் டையை இறக்கினார். யாருக்கும் அடியில்லை. உற்பத்தி லைன் மட்டும் நின்றது.

லைன் நின்றால் அறிக்கை உண்டு. மதியத்துக்குள் சேஃப்டி துறைக்குக் காரணம் எழுதித் தர வேண்டும். அன்று டாக்டர் வராத நாள், போனில் பிடித்தேன்.

"சர்க்கரை எவ்வளவு?"

"அறுபத்தெட்டு சார். காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல."

"அப்ப சாப்பிடாததால மயக்கம்னு எழுதிடுங்க. பொய்யும் இல்ல."

பொய் இல்லைதான். எங்கள் அறைக் கட்டிலில் படுத்திருந்த ஏழுமலை பழையபடியே எழுதச் சொன்னார். "கேஸ்னு எழுதிடு பிரதர். கிரேனை வுட்டா எனக்கு வேற இன்னா தெரியும்? வூட்டுல எப்பிடி மூஞ்சைக் காட்டுவேன்?"

பேனாவைத் திறந்துவிட்டேன். நாடி பார்க்க அவர் கையைத் தூக்கியபோது, கைக்கடிகாரம் நழுவி முழங்கை வரைக்கும் போய் நின்றது. வாரில் ஆணியால் புதிதாக மூன்று ஓட்டை போட்டிருந்தார், அதுவும் போதவில்லை. அவர் நாடி எண்பத்தெட்டு, என்னுடையது அதற்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது.

"ஏழுமலை, இது கேஸ் இல்ல."

"பின்ன?"

"பயம். பதற்றம்னு சொல்வாங்க. முதல் நாள்லேருந்தே அதுதான். வயித்துல ஒண்ணுமே இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ரெண்டு வருசமா நான் எதுக்கு பிரதர் பட்டினி கெடந்தேன்?"

எத்தனையோ பேருடைய மரணத்தைக் குடும்பத்துக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பழக்கம் இங்கே உதவவில்லை. மன்னித்துக்கொள் என்றேன். அவர் ஷூவைக்கூட மாட்டாமல் வெளியே போனார்.

அறிக்கையில் எழுதினேன்: 'பதற்றம். சிகிச்சையால் கட்டுக்குள் வரக்கூடியது. சிகிச்சை முடியும்வரை கிரேன் வேண்டாம். வேறு வேலையில் வைத்துக்கொள்ளலாம்.' அதற்குக் கீழே, இதுவரை கேஸ் என்று எழுதியது என் தவறு என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் உட்காராமல் படப்பை வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.

மறுநாள் டாக்டர் வந்து அதைப் படித்தார். படித்துவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"உங்க வேலைக்கும் உலை வெச்சு, என் வேலைக்கும் வெச்சுட்டீங்க பிரதர்."

"தெரியும் சார்."

"என் பேரை எழுதலையே, ஏன்? கேஸ்னு சொல்லிக் குடுத்தது நான்தானே?" என்று கேட்டு, என் கையெழுத்துக்குக் கீழே அவரும் போட்டார். பிறகு எச்ஆர் மேனேஜரின் அறைக்குப் போய், அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார். உள்ளே என்ன நடந்தது என்று கடைசிவரை சொல்லவில்லை. ஏழுமலைக்கு வேலை போகவில்லை. டைகளைத் துடைத்து அடுக்கி வைக்கிற ஸ்டோருக்கு மாற்றினார்கள். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வாங்கிக்கொண்டேன்.

மன ஆலோசகரைப் பார்க்கலாம் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஏழுமலை அதை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். "பைத்தியத்துக்குப் பாக்கற எடமா? நான் இன்னா சட்டையைக் கிழிச்சிகினா திரியறேன்?" இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. மூன்றாவது வாரம் அறை வாசலில் நின்று, "நீயும் வந்தா வரேன். நீதானே இழுத்து வுட்டே" என்றார்.

வியாழக்கிழமை தோறும் ஷிஃப்ட் முடிந்து இரண்டு பேரும் தாம்பரத்துக்குப் போனோம். மாடியில் சின்ன அறை. ஆலோசகர் நடுத்தர வயசு அம்மா, மேடம் என்போம். முதல் நாளே எங்களை மூன்று தடவை மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னார். மூச்சு வாங்க வந்து நின்றோம்.

"இப்ப நெஞ்சு எப்படி இருக்கு ஏழுமலை?"

"டமடமன்னு அடிக்கிது மேடம். இதே மாதிரிதான் அங்கயும் வரும்!"

"செத்துருவோம்னு தோணுதா?"

"இல்லியே. ஏறி எறங்கினேன்ல, அதான்."

"அங்க காரணம் தெரியல. அதனால மனசு ஒரு காரணத்தைத் தேடிப் புடிச்சுக்குது. ஹார்ட்டுன்னு நெனைச்சீங்க. அப்புறம் கேஸுன்னு நெனைச்சீங்க." இதைச் சொல்லும்போது மேடம் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

வீட்டுப்பாடம் வேறு உண்டு. நான் சீல் குத்திக் கொடுத்த சீட்டில் கூடாது என்றிருந்ததையெல்லாம் வாரத்துக்கு ஒன்றாகச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டுவிட்டு ஓடக் கூடாது, மாத்திரை போடக் கூடாது, என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதல் வாரம் சுண்டல். தாம்பரம் பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு பொட்டலம் வாங்கி, ஒவ்வொரு கடலையாக, ஏதோ வெடிகுண்டை மெல்கிற மாதிரி மென்றார். வியர்த்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். இருபது நிமிஷம் கழித்து, "உப்பு பத்தல" என்றார்.

ஐந்தாவது வாரம்தான் அந்த விஷயம் வெளியே வந்தது. இதெல்லாம் ஆரம்பிப்பதற்கு முந்தின மாதம், அவர் டையைத் தூக்கிப் போகும்போது ஒரு பக்க இரும்புக் கயிறு ஒரு சாண் நழுவியிருக்கிறது. அதே நேரம் கான்ட்ராக்ட் ஆள் ஒருவர் பாதுகாப்புக் கோட்டைத் தாண்டி அடியில் வந்து, விழுந்த போல்ட்டைக் குனிந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். டை விழவில்லை. அந்த ஆளுக்கு மேலே பார்க்கக்கூடத் தோன்றவில்லை. "அவன் விசிலடிச்சிகினே போனான் மேடம். நான்தான் இன்னும் அங்கயே நிக்கறேன்" என்றார் ஏழுமலை. யாரிடமும் சொல்லவில்லையா என்று மேடம் கேட்டார். "சொல்லலாம்னுதான் பிரதர் ரூமுக்குப் போனேன். கேஸுன்னாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் என்னால் தாங்க முடிந்திருக்கும்.

மேடம் ஒரு தரம் என்னையும் கேட்டார். "நீங்க ஏன் காலை ஆட்டிக்கிட்டே இருக்கீங்க? பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை உங்க நாடியை நீங்களே பாத்துக்கறீங்களே?"

"தொழில் பழக்கம் மேடம். எனக்கு ஒண்ணுமில்ல."

சரி என்று விட்டுவிட்டார். என் பாக்கெட்டில் அப்போதும் ரோஸ் மாத்திரை ஒரு பட்டை இருந்தது.

எட்டு மாதம் கழித்து ஏழுமலைக்கு மறுபடி தகுதிச் சோதனை நடந்தது. மேடம் கடிதம் கொடுத்திருந்தார். உடம்பில் சதை பிடித்திருந்தது. கண், காது, ரத்த அழுத்தம் எல்லாம் சரி. டாக்டர் பாரத்தின் கடைசி வரிக்கு வந்தார்.

"இப்பவும் அந்தப் படபடப்பு வருதா சார்?"

இல்லை என்று சொல்லிவிடு என்று எனக்குள் கத்தினேன். ஒரு சொல் போதும், கிரேன் அவர் கைக்கு வந்துவிடும்.

"வருது சார். முன்ன மாதிரி இல்ல, எப்பனா வருது."

"வந்தா?"

"பட்டன்லேருந்து கையை எடுத்துடுவேன். எடுத்தா கிரேன் நின்னுடும். நானும் நிப்பேன். அது போனப்புறம்தான் மறுபடி ஓட்டுவேன். போகலன்னா வேற ஆளைக் கூப்புடுவேன். மறைக்க மாட்டேன் சார்."

டாக்டர் பேனாவை மூடினார். பாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க பிரதர்?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "அவர் தூக்கற டைக்கு அடியில நான் போய் நிக்கறேன் சார். அவ்வளவு நம்பிக்கை எனக்கு."

ஏழுமலை விருட்டென்று எழுந்துவிட்டார்.

"இன்னா பேச்சு பேசறே பிரதர் நீ? கீழ யாரும் நிக்கக் கூடாது. நீ வந்து நின்னே, நான் பட்டன்லயே கை வெக்க மாட்டேன்."

டாக்டர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றும் முன்பே தாம்பரத்துக்குப் போன் செய்தேன். மேடத்தின் உதவியாளர் எடுத்தார். அடுத்த வியாழன் ஏழுமலைக்கா என்று கேட்டார். இல்லை, எனக்குத்தான் என்றேன்.

"என்ன தொந்தரவுன்னு எழுதிக்கட்டும் சார்?"

பாக்கெட்டிலிருந்த ரோஸ் மாத்திரைப் பட்டையை எடுத்து வெளியே வைத்தேன். அவர் லைனில் காத்திருந்தார்.

"பயம்னு எழுதிக்கோம்மா" என்றேன்.